பூட்டிய மிதிவண்டி

எங்கள் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டையை நினைப்பவர் சிலர். பூட்டை நினைப்பவர் பலர். 2019-ஆம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எங்கள் தொழிலாளர் கைவண்ணம் அது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்ற சனவரியில் எங்கள் ஊர்ப் பூட்டு ஒன்றைக் கண்டு நான் தலைகுனிந்து நின்றேன். அது பொன்னுக்குப் போட்ட பூட்டன்று. நெல்லுக்குப் போட்ட பூட்டன்று. ஒரு பெண்ணின் மிதிவண்டிக்குப் போட்ட பூட்டு!

நகரை விட்டு வெளியே, முருங்கையும் சோளமும் விளையும் சமவெளியில் உள்ள ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பது என் பணி. பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் வாரத்தில் இரண்டு நாள் வருவாள்; மூன்று நாள் வரமாட்டாள். கெட்டிக்காரப் பெண். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஐந்து கிலோமீட்டர். பேருந்து காலையில் ஒன்று, அதுவும் வந்தால் உண்டு. அரசு கொடுத்த மிதிவண்டி இருக்கிறதே, பிறகு என்ன தடை? கேட்டுவரலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன்.

மிதிவண்டி திண்ணைத் தூணோடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. சங்கிலியின் முனையில் பூட்டு. சாவியோ அண்ணன்காரனின் அரைஞாண் கயிற்றில்!

“வண்டிதான் இருக்கேம்மா, பிள்ளையை அனுப்பக் கூடாதா?” என்றேன்.

“இருக்குதுங்க டீச்சர். ஆளான பிள்ளை அம்புட்டுத் தூரம் தனியா மிதிச்சுப் போனா ஊரு சும்மா இருக்குமா?” என்றார் தாய்.

திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அப்பத்தா முடிவுரை கூறினார்: “சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை எறங்கிப் போயிரும் தாயி. நாளைக்கு எவன் கட்டுவான்?”

கருப்பை இறங்குவதற்கு மருத்துவம் சொல்லும் காரணம் வேறு. அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, ஓயாமல் பளு தூக்குவது, அதனால் தளர்ந்துபோகும் இடுப்புத் தசை - இவை காரணம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் குழாயிலிருந்து அந்தப் பெண் நாள்தோறும் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று சுமந்து வருகிறாள். அப்போது இறங்காத கருப்பை, மிதிவண்டியில் ஏறினால் மட்டும் இறங்கிவிடுமா? சுமப்பதற்குத் தடையில்லை, செல்வதற்குத்தான் தடை! இதையெல்லாம் சொன்னேன். அப்பத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ எம்புட்டுத் தூரம் மிதிச்சிருக்க? வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே?”

நான் வாயடைத்துப் போனேன். உண்மை அதுதான். பாடம் நடத்தத் தெரிந்த எனக்குச் சான்று காட்டத் தெரியவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பிய அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: “டீச்சர், இங்கேயிருந்து கடல் எம்புட்டுத் தூரம்?” பதினாறு வயது, அவள் இன்னும் கடலைப் பார்த்ததில்லை.

அன்று இரவு முடிவு செய்தேன். கடற்கரை ஓரமாக ஒரு பகல் முழுவதும் மிதிப்பது. என் உடம்பையே சாட்சியாக்குவது!

என் வண்டியும் அரசு கொடுத்த வண்டிதான். 2014-இல் பதினோராம் வகுப்பில் பெற்றது. இன்றும் அதில்தான் பள்ளிக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் மிதிவண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. என் பாட்டனார் பழைய ஹெர்குலிஸ் வண்டி ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். ஊரின் பெரிய தெரு வந்ததும் இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். வண்டி அவருடையது, கால் அவருடையது, சாலை மட்டும் அவருடையது அன்று! என் தாய்க்கோ ஓட்டக் கற்றுக்கொடுப்பாரே இல்லை. மூன்றாம் தலைமுறையில் நான் அதே தெருவில் மணியடித்துக்கொண்டு போனேன்.

இது தானாக வந்த மாற்றமன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களும், வயலில் நடவு செய்யும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் பல்லாயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பெண்ணுக்குரிய வண்டி கிடைக்காதபோது குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. 2005-06-இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் அது விரிந்தது. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி, 1896-லேயே, பெண்ணின் விடுதலைக்கு மிதிவண்டி செய்த அளவு உலகில் வேறெதுவும் செய்யவில்லை என்று கருதினார். நூறாண்டு கழித்துப் புதுக்கோட்டைப் பெண்கள் அதை மெய்ப்பித்தார்கள். ஆனால் கொடுத்தது வண்டி. சாவி இன்னும் வீட்டாரிடம்!

மதுரையில் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி மயிலாடுதுறைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள். “நீ வா, நானும் வருகிறேன்” என்று எழுதினாள். வண்டியைப் புகைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பிப்ரவரி 22, சனிக்கிழமை, பொழுது புலரும் வேளையில் பூம்புகார்க் கடற்கரையில் இரண்டு மிதிவண்டிகளோடு நின்றோம்.

கடலில் கலக்கும் காவிரி அங்கே ஒல்லியாக இருந்தது. 1973-இல் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருளிலிருந்து மெல்ல வெளிவந்தது. பக்கத்திலுள்ள கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, படகு கட்டும் துறை ஒன்று செங்கல்லால் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். மரக்கட்டையின் வயதைக் கணக்கிட்டு, அது கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்றார்கள். கடல் கடப்பது பாவம் என்று சாத்திரம் எழுதியவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒருவன் செங்கல் அடுக்கிக் கப்பலுக்குத் துறை கட்டியிருக்கிறான். அவனுக்கு என் வணக்கம்!

இங்கிருந்துதான் கண்ணகி நடந்தாள். வீட்டு முற்றத்தைத் தாண்டி அறியாதவள். சிறிது தொலைவு நடந்ததுமே, மதுரை மூதூர் எது என்று கேட்டாள் என்கிறது காப்பியம். எங்கள் ஊர்ப் பெண் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டது என் நினைவுக்கு வந்தது. உலகத்தின் அளவை அறியாமல் வளர்க்கப்பட்டவர்களின் கேள்வி எந்தக் காலத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. அந்தக் காப்பியம் மதுரைக்குச் சொல்லும் மூன்று வழிகளுள் ஒன்று எங்கள் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைப் பக்கமாகப் போகிறது. அவள் வந்த திசையிலிருந்து எதிர்த்திசையில் நான் வந்திருக்கிறேன்; அவள் கணவனுக்குப் பின்னால் வந்தாள், நான் என் விருப்பத்துக்குப் பின்னால் வந்தேன். அவ்வளவுதான் இத்தனை நூற்றாண்டின் வேறுபாடு. அது சிறிய வேறுபாடு அன்று.

வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. திருக்கடையூரை அடையும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அறுபதாம் ஆண்டு நிறைவுத் திருமணத்துக்கு வந்த முதியோர், மாலையும் கழுத்துமாகக் கோயில் வாசலில் நின்றார்கள். ஆயுள் நீள வேண்டுமென்று வருகிறார்கள். கிழவரின் மாலையைக் கிழவி நேராக்கிவிட்டதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்த மகிழ்ச்சியில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு அளவில்தான் இருந்தது. இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. அன்றும் இந்தக் கோயில் இருந்தது. இடையில் பரவலாக வந்தது அம்மைத் தடுப்பூசியும், நல்ல குடிநீரும், ஊர்தோறும் மருத்துவமனையும் அல்லவா? நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கும் ஒரு மாலை எடுத்து வைக்கலாமே!

அடுத்தது தில்லையாடி. அன்றைய நாளைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருந்தோம். தில்லையாடியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போன குடும்பத்தில், 1898 பிப்ரவரி 22-இல் சோகன்னசுபர்க்கில் பிறந்தவள் வள்ளியம்மை. ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கே தங்குவதற்குத் தலைக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்றிருந்தது. கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பும் 1913-இல் வந்தது. எதிர்த்து நடந்த போராட்டத்தில் வள்ளியம்மை சிறை சென்றாள், நோயோடு வெளிவந்தாள், 1914 பிப்ரவரி 22-இல், தன் பதினாறாவது பிறந்த நாளிலேயே, மறைந்தாள்.

நினைவு மண்டபத்தின் கதவு அந்நேரத்தில் இன்னும் திறக்கப்படவில்லை. கம்பிக்கதவுக்கு வெளியே நின்றோம். பதினாறு வயது! அந்த வயதில் ஒருத்தி ஓர் அரசை எதிர்த்துச் சிறைக்குப் போனாள். அதே வயதில் ஒருத்தியைப் பள்ளிக்குப் போகவிடாமல் பூட்டி வைத்துவிட்டு, வள்ளியம்மையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் மட்டும் படி என்கிறோம். தோழி ஒன்றும் பேசவில்லை. சாலையோரத்தில் பூத்திருந்த அரளியில் ஒரு கொத்தைக் கதவுக் கம்பியில் செருகினாள். புறப்பட்டோம்.

தரங்கம்பாடியில் அலை, கோட்டை மதிலுக்கு அருகிலேயே மோதிக்கொண்டிருந்தது. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தேனிசுக்காரர்கள் எழுப்பிய டான்சுபர்க் கோட்டை அது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை, அதில் வாழும் மக்களோடு சேர்த்து விற்பதும் வாங்குவதும் அன்று வாணிபம்!

ஆயினும் அந்தக் கடற்கரையில் என்னை நிறுத்திவைத்தவர் வேறொருவர். 1706 சூலை 9-ஆம் நாள் கரையிறங்கிய சீகன்பால்கு என்ற செருமானிய இளைஞர். மறுநாள்தான் அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைந்தது. சமயம் பரப்ப வந்தவர். அந்த நோக்கத்தில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் ஓர் ஆசிரியையாக நான் வியப்பது இது: தமிழ் கற்பதற்கு அவர், மணலில் விரலால் அரிச்சுவடி எழுதும் சிறுவர்களோடு போய் உட்கார்ந்தார். கற்றுக்கொடுக்க வந்தவன் முதலில் கற்றுக்கொள்ளக் கீழே உட்கார்ந்தான்! மறு ஆண்டே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். ஊரின் தேனிசுத் தலைவரைப் பகைத்துக்கொண்டு சில மாதம் சிறையும் இருந்தார். அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துகளும் வரவழைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பக்கத்திலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலை ஒன்றும் எழுந்தது. அதுவரை ஓலையில் சிலரது வீட்டுப் பரணில் கிடந்த எழுத்து, தாளில் ஏறித் தெருவுக்கு வரும் வழி திறந்தது. தோழர்களே, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் ஏடு வரை அந்த வழி நீள்கிறது.

1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அரசர் தெருவில் இன்றும் நிற்கிறது. ஆனால் தரங்கம்பாடித் திருச்சபையிலும் சாதி பார்த்து வேறு வேறாக உட்கார வைத்த வழக்கம் இருந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. ஏழு கடல் தாண்டி வந்த சமயத்தையும் எங்கள் சாதி எட்டடியில் வளைத்துப் போட்டுவிட்டது. பாட்டனார் செருப்பைக் கழற்றி மாட்டிய கைப்பிடியை நான் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுபோல் என் வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இதே தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர்தாம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அவர் தந்தது. பெண் கல்விக்காக அவர் எழுதிய நூல்கள் அதற்கும் முந்தியவை. நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், பெண்ணைப் படிக்க விடுங்கள் என்று!

நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால் எல்லை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பரில் இந்தியாவோடு சேர்ந்த ஊர். நகருக்குள் நுழையும்போது என் பின்சக்கரம் படாரென்று உயிர்விட்டது. அரசலாற்றுப் பாலத்துக்கு முன்னால், வேப்பமர நிழலில் ஒரு பஞ்சர் கடை. கிழவர் ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டே பேசினார்.

“எந்த ஊரு தங்கச்சி?”

“திண்டுக்கல்லுங்க அய்யா.”

“அங்கேயிருந்தா சைக்கிள்ல வர்றீங்க?”

“இல்லீங்க, பூம்புகார்லேருந்து. வேதாரண்யம் வரைக்கும் போறோம்.”

அவர் வியக்கவில்லை. “எங்க பாட்டனாரு அண்ணன் பினாங்குக்குப் போனாரு. நாகப்பட்டினத்துல கப்பலேறினவருதான். ஒரே ஒரு கடுதாசி வந்துச்சாம். அதோட சரி. நீங்க பரவாயில்ல, சாயங்காலம் போய்ச் சேந்துருவீங்க” என்றார்.

அவர் டியூபைத் தேய்த்து ஒட்டும் வரை எங்களுக்குப் பேச்சு எழவில்லை. இந்தக் கரையின் வரலாற்றை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நாம் மேடையில் முழங்கும் கடல் வாணிபம் ஒரு பாதி. மறு பாதி, இந்தக் கரையிலிருந்து ஏற்றப்பட்ட மனிதர்கள். 1660-ஐ ஒட்டிய பஞ்ச காலத்தில் டச்சுக் கம்பெனி இங்கிருந்து அடிமைகளை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டுபோனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரியூனியனுக்கும், மார்த்தினீக்குக்கும், குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டும் கூலிகளாகப் போனார்கள். நாகையிலிருந்து மலேயாவுக்குப் போனார்கள். கடல் கடப்பது பாவம் என்ற சாத்திரம் அவர்களை ஏன் தடுக்கவில்லை? சேரியில் பசித்தவன் கடல் கடந்தால் சாத்திரத்துக்கு என்ன நட்டம்? கப்பலில் சாதிக்கொரு தளம் கிடையாது என்பதால் உயர்ந்தோர் அஞ்சினார்கள். வயலில் சாதிக்கொரு வரப்பு உண்டு என்பதால் தாழ்த்தப்பட்டோர் ஏறினார்கள்.

கிழவர் காற்றடித்து முடித்து, கேட்டதற்குக் குறைவாகவே காசு வாங்கிக்கொண்டார்.

நாகூரில் தர்காவின் மனோராக்கள் தொலைவிலேயே தெரிந்தன. அவற்றுள் உயரமானது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். தர்காவுக்கு இந்து மன்னர் எழுப்பிய கோபுரம்! இதைச் சொன்னால் முகம் சுளிப்போர் இன்று நாட்டில் பெருகி வருகிறார்கள். கல்லில் எழுதியதை அவர்களால் அழிக்க முடியாது. அங்கே ஒரு கடையில் உணவு உண்டோம். தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டோம்.

நாகப்பட்டினத்தில் நான் தேடிப் போனது, அங்கே இல்லாத ஒன்றை. இராசராச சோழன் காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்த சிரீவிசய நாட்டு மன்னர் மாரவிசயோத்துங்கர் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இராசராசன் கொடுத்ததை, லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பட்டயம் சொல்கிறது. சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான்! கப்பலோட்டிகளுக்குக் கடலில் அடையாளமாக விளங்கிய செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே நின்றது. பழுதுற்றிருந்த அதை, 1867-இல் அரசின் ஒப்புதலோடு ஏசு சபையார் இடித்துத் தள்ளினார்கள். மண்ணுக்கடியிலிருந்து 1856 முதல் 1930-கள் வரையில் ஏறத்தாழ 350 புத்தர் படிமங்கள் வெளிவந்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்றவரை நாம் எவ்வளவு ஆழத்தில் புதைத்திருக்கிறோம், பாருங்கள்!

துறைமுகத்தின் பக்கம் போனோம். 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ரசூலா என்ற கப்பல் இங்கிருந்து மக்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிப் போனது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கியதும் இங்கிருந்துதான். அதே கடல் 2004 டிசம்பர் 26 காலையில் எழுந்து வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது எவர் செய்த பாவத்துக்கும் தண்டனையன்று. சுமத்திராவுக்கு அருகே கடலடிப் பாறை பெயர்ந்ததன் விளைவு. சுமத்திராவிலிருந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு தந்தி வந்திருந்தால், ஒரு மணி அடித்திருந்தால், எத்தனை குழந்தைகள் பிழைத்திருப்பார்கள்! முன்னறிவிப்பு நிலையம் 2007-இல் ஐதராபாத்தில் அமைந்தது. அறிவு பிந்தி வந்தால் அதற்கான விலை உயிராக இருக்கிறது.

அந்தச் சாலையில் ஓரிடத்தில் மோட்டார் சைக்கிளில் மூன்று இளைஞர்கள் எங்களைத் தொடர்ந்தார்கள். முன்னால் போவது, பின்தங்குவது, சீழ்க்கை அடிப்பது. இரண்டு கிலோமீட்டர் இப்படி. எனக்கு நெஞ்சு படபடத்தது. ஊர் சும்மா இருக்குமா என்று அந்தத் தாய் கேட்டதன் பொருள் அப்போது விளங்கியது. அவர் அஞ்சியது கற்பனைக்கு அன்று; இவர்களுக்கு! தோழி சட்டென்று வண்டியை நிறுத்தினாள். கையைக் காட்டி அவர்களையும் நிறுத்தினாள்.

“தம்பி, எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க? நான் டீச்சர். வேளாங்கண்ணிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர்?”

ஒருவன் தலை சொறிந்தான். “அஞ்சு இருக்கும் டீச்சர்” என்றான். பின் வண்டி அடங்கிப் போனது. நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனாலும் சொல்கிறேன், அது சிரிப்பதற்குரியது மட்டுமன்று. பூட்டைப் போட்டவன் அண்ணன். பூட்டுக்குக் காரணம் கொடுப்பவர் இவர்கள். இதைப் படிக்கும் இளைஞர்கள் பெண் விடுதலையை மேடையில் பேசுவதற்கு முன் சாலையில் வழி விடுங்கள்.

வேளாங்கண்ணியில் நிற்கவில்லை. அதற்கப்பால் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர்; அன்றைய சோதனை அதுதான். முதுகைத் தள்ளிவந்த வாடை போய், கடற்காற்று இடப்பக்கத்திலிருந்து மோதியது. முழங்கால் கெஞ்சியது. உள்ளங்கையில் கொப்புளம். ஒவ்வொரு மைல்கல்லிலும் அப்பத்தாவின் முகம் தெரிந்தது. கெட்டது உடம்பன்று, பழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

வேதாரண்யத்தைச் சேரும்போது மணி ஆறு. அன்று கடந்தது நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பதிகம் பாடிக் கோயில் கதவைத் திறந்தார்கள், பின் பதிகம் பாடியே அடைத்தார்கள் என்று புராணம் சொல்லும் ஊர் அது. பாட்டுக்குப் பூட்டு திறக்கும் என்று நம்புவதற்கு நான் பூட்டூர்க்காரி! அகத்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போனோம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள் 28-ஆம் நாள் வேதாரண்யம் வந்தார்கள். 30-ஆம் நாள் உப்பெடுத்தார்கள். தலைமை தாங்கிய இராசாசி கைதானார். அவருடைய பிற்காலச் செயல்கள் பலவற்றோடு நமக்கு வழக்கு உண்டு. ஆனால் அந்தப் போராட்டத்தில் நான் தேடும் பெயர் வைரப்பன். முடி திருத்தும் தொழிலாளி. முகம் மழிக்க உட்கார்ந்தவர் காவலர் என்று தெரிந்ததும், பாதி மழித்த முகத்தோடு அவரை விட்டுவிட்டு, மீதியை மழிக்க மாட்டேன் என்று சிறைக்குப் போனார். ஊரே ஏவிய கத்தியைக் கீழே வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் கண்டுகொண்டார். என் பாட்டனாரும் அதைக் கண்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டார் அல்லவா?

பாத்திகளில் செவ்வானம் கிடந்தது. ஒரு பெண் பாத்தி வரப்பில் கடைசிக் கூடையைச் சுமந்து போனாள். காலில் உப்பு அரித்த வெடிப்புகள். உப்புக்குப் போட்ட வரி போய்விட்டது. உப்பு எடுப்பவள் காலில் அது இன்னும் வசூலாகிறது. கேட்டேன், ஒரு கைப்பிடி கல்லுப்பைக் காகிதத்தில் மடித்துத் தந்தாள்.

திங்களன்று வகுப்பில் கரும்பலகையில் கடற்கரையை வரைந்தேன். அந்தப் பெண் வந்திருந்தாள். உப்பை அவள் கையில் கொடுத்து, “இதுதான் நீ கேட்ட கடல்” என்றேன். அவள் ஒரு கல்லை நாக்கில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

“நூறு கிலோமீட்டரா?” என்றார் அப்பத்தா.

“அதுக்கும் மேல, அப்பத்தா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒண்ணும் ஆகலையா?”

“கால் வலிக்குது. வேற ஒண்ணும் ஆகலை.”

நீண்ட நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு பேரனைப் பார்த்து, “சாவியக் குடுடா” என்றார். அவன் முணுமுணுத்தான். “பரீட்சை முடியிற வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தான்.

பரீட்சை வரைக்கும்தான்! பூட்டு திறந்திருக்கிறது, தூக்கி எறியப்படவில்லை. இன்னும் சில நாளில் பரீட்சை முடியும். சாவி மீண்டும் பழைய இடத்துக்குப் போகலாம். போனால் மீண்டும் அந்தத் திண்ணைக்குப் போவேன்; அப்பத்தா என் பக்கம் இருக்கிறார்.

தோழர்களே! உங்கள் தெருவில் தூணோடு கட்டிக்கிடக்கும் மிதிவண்டி ஒன்று இருக்கும். இன்று மாலை அந்த வீட்டுக்குப் போய்ச் சாவி எங்கே என்று கேளுங்கள்.